கால் மணி நேரக் கொரியச் சோறு: காலக்கணக்கில் ஓர் ஆய்வு

வேலைநாள் இரவு ஏழரை மணிக்குச் சமையலறை விளக்கைப் போடும் மனிதரைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் போதிய அக்கறை காட்டவில்லை. அவருக்குப் பசி இருக்கிறது, பொறுமை இல்லை. ஃபிரிட்ஜில் பாதி கேரட், வாடத் தொடங்கிய ஒரு கட்டு பாலக்கீரை, நாலைந்து முட்டை. கைப்பேசியில் தேடினால் '15 நிமிடத்தில் கொரியன் ரைஸ் பௌல்' என்று ஒரு சமையல் குறிப்பு கண்ணில் படுகிறது. இந்த ஆய்வு அந்த 15 என்ற எண்ணைப் பற்றியது. அது யாருடைய கடிகாரத்தில் எடுத்த கணக்கு, அதிலிருந்து எவையெல்லாம் கழிக்கப்பட்டன என்பவையே ஆய்வு வினாக்கள். ருசி பற்றிய செய்திகளைப் பின்னிணைப்பில் வைப்பதுதான் முறை. பின்னிணைப்பு வரை பசி தாங்காது என்பதால் அவை இடையிடையே கலந்து வரும்.

முதலில் வகைப்பாடு. சோற்றின் மேல் காய், இறைச்சி, முட்டை ஆகியவற்றைத் தனித்தனிக் குவியலாக அடுக்கி, மிளகாய் விழுதோடு கலந்து உண்பது பிபிம்பாப். காரமாக வதக்கிய பன்றி இறைச்சியையோ கணவாயையோ சோற்றின் மேல் அப்படியே சரித்துக் கொடுப்பது டொப்பாப். கொத்துக்கறியைச் சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, பூண்டு, இஞ்சியோடு கிளறிச் சோற்றில் போட்டு அதையும் கொரியக் கிண்ணம் என்று அழைப்பது அமெரிக்க வீடுகளின் வழக்கம். சோயா சாஸில் ஊறவைத்துச் சுடும் புல்கோகி இறைச்சிக்கு இது ஒன்றுவிட்ட உறவு. சுத்தவாதிகள் இந்த மூன்றாம் வகையைப் பந்தியில் சேர்ப்பதில்லை. ஆனால் 2008இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் 'கோகி' வண்டியில் கொரிய இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோவுக்குள் வைத்து விற்ற ராய் சோய், 2010இல் 'சேகோ' என்று கிண்ணச் சோற்றுக்கென்றே ஒரு கடை திறந்தார். சியோலில் பிறந்தவரே வேலியைத் தாண்டிய பிறகு மற்றவர்கள் வேலியைக் காவல் காப்பதில் அர்த்தமில்லை.

இனி, தோற்றம். பிபிம்பாப் எப்படிப் பிறந்தது என்பதற்குக் கொரியாவில் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மூதாதையருக்குப் படைத்து முடித்ததும் படையலை ஒரே கிண்ணத்தில் கலந்து சாப்பிட்டார்கள் என்பது ஒரு கட்சி. வயலுக்குக் கொண்டுபோன சோற்றையும் காய்களையும் பெரிய பாத்திரத்தில் கொட்டிப் பகிர்ந்தார்கள் என்பது இன்னொரு கட்சி. ஆண்டின் கடைசி இரவில் மிச்சம் மீதியைப் புத்தாண்டுக்கு விடாமல் தீர்த்தார்கள் என்பது மூன்றாவது. 1894இன் டோங்ஹாக் உழவர் கிளர்ச்சியில் பாத்திரம் போதாமல் பிறந்தது என்பாரும், இல்லை, அரண்மனையில் தொடங்கியது என்பாரும் உளர். ஒன்றுக்கும் உறுதியான ஆவணம் கிடையாது. அரண்மனைக் கட்சியை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவற்றில் ஒரு பொது அம்சம் தெரிகிறது: எவரும் அந்த வேளைக்கென்று புதிதாக எதையும் சமைக்கவில்லை. சோறு முன்பே வெந்திருந்தது, காய் முன்பே வதங்கியிருந்தது. செலவானது கலக்கிய நேரம் மட்டுமே. 15 என்ற எண்ணின் முதல் தடயம் இங்கே அகப்படுகிறது.

எழுத்துச் சான்று கேட்பவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த 'சியுயிஜொன்சோ' என்ற சமையல் நூல் இருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. அதில் சோறும் காயும் எள்ளுப்பொடியும் எண்ணெயும் சமையலறையிலேயே கலக்கப்பட்டுத்தான் கிண்ணத்துக்கு வருகின்றன. மேலே முட்டை அலங்காரம். மிளகாய் விழுதைப் பற்றிப் பேச்சே இல்லை. விழுது இல்லாத பிபிம்பாப் பிபிம்பாப்பே அல்ல என்று அடித்துப் பேசுபவர்கள் இந்த இடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது. மிளகாயே அந்த நாட்டுக்கு வந்தேறிதான். 1614இல் யி சு-க்வாங் தொகுத்த 'ஜிபோங் யுசொல்' அதை ஜப்பானிலிருந்து வந்த சரக்காகக் குறிக்கிறது. போர்த்துக்கீசியர் கப்பலில் அது இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்ததும் 16ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், காரத்தின் தொன்மை பற்றித் தமிழர்களும் கொரியர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

படிப்பாளிகளின் இரவுப் பசிக்கும் இந்தக் கிண்ணத்துக்கும் உள்ள உறவு தனி அதிகாரம் எழுதத்தக்கது. கன்பூசிய அறிஞர்களுக்குப் பேர்போன ஆன்டோங் நகரில் 'ஹொட்ஜேசாபாப்' என்று ஒன்று உண்டு. பொய்ப் படையல் சோறு. இரவு நெடுநேரம் படித்த அறிஞர்களுக்குப் பசித்ததாம். ஊரே அரைவயிற்றோடு தூங்கும்போது விருந்துச் சமையல் வாசனை கிளம்பினால் கௌரவக் குறைச்சல். எனவே மூதாதையருக்குப் படைப்பதாகச் சாக்குச் சொல்லி அடுப்பைப் பற்றவைத்து, 'பிரசாதத்தை' உண்டு தீர்த்தார்கள் என்பது ஊர்க்கதை. படையல் உணவில் மிளகாய் சேர்வதில்லை. அதனால் இன்றும் ஆன்டோங்கில் இந்தச் சோற்றைச் சோயா சாஸ் ஊற்றித்தான் கலக்கிறார்கள். பொய்ச் சடங்கு என்றாலும் விதிமுறை பிசகவில்லை. ஆய்வுலகில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

சியோலில் ஹான் ஆற்றின் தென்கரையில் இருக்கும் நொர்யாங்ஜின் பகுதிக்கு வந்தால் அதே பசி வேறு உடையில் நிற்கிறது. அரசு வேலை, காவல்துறை, ஆசிரியர் தேர்வுகளுக்கான பயிற்சி மையங்கள் மொய்க்கும் இடம் அது. சென்னை அண்ணாநகரில் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே நடைபாதைக் கடைகள் ஒருமுறை பயன்படுத்தும் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, வதக்கிய கிம்சி, டப்பா இறைச்சி, ஒரு பொரித்த முட்டை என்று மேலே குவித்துக் 'கப்-பாப்' என்ற பெயரில் விற்றன. வாங்குபவர் நின்றபடியே தின்றுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவார். 2015இல் மாவட்ட நிர்வாகம் கடைகளை அங்கிருந்து பெயர்த்துத் தனித் தெரு ஒதுக்கிக் கொடுத்தது. பெரிய உணவு நிறுவனங்களும் கப்-பாப்பை அட்டைக் கிண்ணத்தில் அடைத்து விற்கத் தொடங்கின. ஆன்டோங் அறிஞருக்கு வேலையாட்கள் இருந்தார்கள், நொர்யாங்ஜின் மாணவருக்குக் கடைக்கார அக்கா இருந்தார். இருவர் கணக்கிலும் சமைத்த நேரம் ஏறவே இல்லை.

ஏழரை மணி மனிதருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கணக்கைத் திறந்து பார்ப்போம்.

குறிப்பில் '2 மேசைக்கரண்டி கோச்சுஜாங்' என்று, அதாவது அந்த மிளகாய் விழுதுக்கு, ஒரே வரி. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது? வேகவைத்த சோயாவை இடித்துச் செங்கல் போலப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வைக்கோலிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் அதில் குடியேறுகின்றன. 'மேஜு' எனப்படும் இதைக் காயவைத்துப் பொடித்து, மிளகாய்ப் பொடி, பசையரிசி, முளைகட்டிய பார்லி, உப்பு சேர்த்து மண்ஜாடியில் அடைக்கிறார்கள். வெயில் அடித்தால் மூடியைத் திறக்க வேண்டும், மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். முளைப் பார்லியின் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதால் சர்க்கரை போடாமலே இனிப்பு ஏறுகிறது. சோயாவின் புரதம் உடைந்து நாக்கில் நிற்கும் சுவையைக் கொடுக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். வட ஜொல்லா மாநிலத்தின் சுன்சாங் இதற்குப் பேர்போன ஊர். இப்படி ஊறவைத்துச் செய்யும் விழுதுகளின் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, இரண்டு கரண்டி விழுது கிண்ணத்தில் விழும்போது அரை ஆண்டு விழுகிறது. 15 நிமிடத்தில் அது வராது.

மிளகாய்த்தூள், வெல்லம், சோயா சாஸ் மூன்றையும் குழைத்தால் வீட்டிலேயே கோச்சுஜாங் தயார் என்று ஒரு மாற்றுக் கொள்கை உலவுகிறது. அது காரப் பாகு; ஆய்வு ஏற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், பின்னாலேயே கொரியக் குடும்பங்களும் உணவகங்களும் மளிகைக் கடைகளும் சென்னைக்கு வந்தன. சிவப்பு டப்பா இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பாகு காய்ச்ச வேண்டியதில்லை.

அடுத்த மோசடி இன்னும் நுட்பமானது. குறிப்பின் முதல் வரி, 'வேகவைத்த சோறு 2 கப்'. வெந்தது எப்போது, வேகவைத்தது யார் என்ற தகவல் இல்லை. அரிசியைக் களைந்து, ஊறவைத்து, வேகவைத்துப் பதம் அடங்க விட்டால் ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும். கொரியர்கள் இந்த ஓட்டையை 1996லேயே அடைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு சந்தைக்கு வந்த 'ஹெட்பான்' என்ற டப்பாச் சோறு மைக்ரோவேவில் 2 நிமிடத்தில் ஆவி பறக்கும். நம் வீட்டில் அதற்கு ஈடு மத்தியானச் சோறு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொரியர்களின் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு. பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், விழுது பிடிக்கும். பொன்னியும் சோனா மசூரியும் உதிரி ரகம், புழுங்கல் என்றால் இன்னும் உதிரி. பச்சரிசிப் பொன்னியைக் கொஞ்சம் தண்ணீர் கூட வைத்துக் குழைவாக எடுத்தால் போதும். ஆறிய சோறாக இருந்தால் கை நீர் தெளித்து மூடிச் சூடாக்க வேண்டும். சீரக சம்பாவை இதில் வீணாக்க வேண்டாம்.

எண்ணெயில் பலர் வழுக்கி விழுகிறார்கள். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது. காப்பிக்கொட்டை வறுபடும் வாசனைக்குப் பக்கத்தில் நிற்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டியது. இரண்டும் எள்தான், வாசனை வேறு. கொரிய எண்ணெய் இல்லையென்றால் ஒரு கரண்டி எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, நல்லெண்ணெயில் போட்டு ஊற்றுங்கள். முக்கால் பங்கு வேலை நடந்துவிடும்.

இப்போது அடுப்பு. இரண்டு பேருக்குக் கணக்கு: கோச்சுஜாங் 2 மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை, வினிகர் தலா 1 தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், விழுதைத் தளர்த்தக் கொஞ்சம் தண்ணீர். கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, இரு கையாலும் இறுக்கிப் பிழிய வேண்டும். இந்தப் பிழிதலில் காட்டும் சோம்பல்தான் கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீராகத் தேங்கும். பிழிந்த உருண்டையை வெட்டி உதிர்த்து, உப்பு, பூண்டு, எள், எண்ணெய் போட்டுப் பிசறினால் அதுவே 'நாமுல்'. கேரட்டைத் தீக்குச்சி போல் அரிந்து 2 நிமிடம் வதக்கினால் போதும். இறைச்சி வேண்டுமென்றால் 200 கிராம் கொத்துக்கறியை 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, பூண்டோடு பெருந்தீயில் தண்ணீர் சுண்டும்வரை கிளறலாம். முட்டையின் மஞ்சள் கரு இளகியிருக்க வேண்டும்; விழுதோடு சேர்ந்து குழம்பாகும் பொறுப்பு அதனுடையது. அடிச்சோறு மொறுமொறுக்க வேண்டும் என்பவர்கள், பழகிய மாக்கல் சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ எண்ணெய் தடவிச் சோற்றைப் பரப்பி, படபடவென்று சத்தம் வரும்வரை நடுத்தீயில் விடலாம். கொரியாவின் 'டோல்சொட்' கல் கிண்ணம் செய்வதும் இதைத்தான்.

கலப்பதில் சித்தாந்தப் போர் உண்டு. 2009 டிசம்பரில் ஒரு கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழு நியூயார்க் டைம்ஸில் பிபிம்பாப்புக்கு விளம்பரம் கொடுத்தது. சியோலிலிருந்த ஜப்பானிய நிருபர் ஒருவர், பார்க்க அழகாக இருப்பதைக் கடைசியில் கிளறி அலங்கோலமாக்கித் தின்கிறார்கள் என்று பத்தி எழுத, கொரியா கொதித்தது. சியுயிஜொன்சோ காட்டும் முறையில் சமையலறையிலேயே கலந்து கொண்டுவந்திருந்தால் நிருபருக்கு வேலையே இருந்திருக்காது. உள்நாட்டிலும் ஒற்றுமை இல்லை. கரண்டியால் கலந்தால் பருக்கை மசியும், குச்சியால்தான் கலக்க வேண்டும் என்று பிபிம்பாப்பின் தலைநகரான ஜொன்ஜுவில் ஒரு கட்சி உண்டு. கையால் பிசையத் தெரிந்த சமூகம் இந்தப் போரில் நடுநிலை வகிப்பதே மரியாதை.

கடைசியாக 'ஒரே கிண்ணம்' என்ற கூற்றைக் கழுவுதொட்டியில் வைத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. கீரை வெந்த பாத்திரம், வடிகட்டி, வாணலி, விழுது கலக்கிய கிண்ணம், வெட்டுப்பலகை, கத்தி, சோற்றுப் பானை எல்லாம் அங்கே கிடக்கின்றன. கொரிய வீடுகளில் வெளிர் நிறப் பொருளை முதலில் வதக்கி, அடர் நிறத்துக்குப் போய், இறைச்சியைக் கடைசியில் போடுவார்கள். நடுவில் வாணலியைக் கழுவ வேண்டாம். அப்படிச் செய்தாலும் கழுவுவதையும் சேர்த்தால் முதல் இரவுக் கணக்கு முக்கால் மணிக்குக் குறையாது. நாமுலும் விழுதும் ஃபிரிட்ஜில் காத்திருக்கும் இரண்டாம் இரவில்தான் 15 நிமிடம் மெய்யாகிறது; அன்று முட்டை பொரிப்பதும் சோற்றைச் சூடாக்குவதும்தான் வேலை. பிழிந்து மூடிவைத்த கீரை இரண்டு மூன்று நாள் தாங்கும். எனவே வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது ஒரு கட்டுக்குப் பதில் மூன்று கட்டுக் கீரை வாங்கிவிடவும்.