கோட்டுக்குப் போற புள்ளைகளுக்கு

சட்டம் படிக்கிற நம்ம ஊர்ப் புள்ளைகள் கல்முனைக்கு வழக்குப் பார்க்கப் போறாங்களாம். நல்ல விசயம், போய்ட்டு வாங்க. ஆரும் தடுக்க மாட்டாங்க. வழக்கு பகிரங்கமா நடக்கணும் எண்டு அரசியலமைப்பிட 106ஆம் உறுப்புரை சொல்லுது. குடும்ப விவகாரம், மானம் போற வழக்கு மாதிரி எண்டா நீதிபதி வெளியே போகச் சொல்லலாம். முகத்தத் தூக்காம எழும்பிப் போங்க. கேக்க ருசியான வழக்கெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு, என்ன செய்ய மனே?

உள்ள போனா தீர்ப்புக் கேக்கலாம் எண்டு நினைக்காதீங்க. தவணைதான் கேக்கலாம். வரம்பு வழக்கு ஒண்டு கூப்பிடுவாங்க. காக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். "கனம் கோட்டார் அவர்களே, உறுதி ஒண்டு வர இருக்கு" எண்டு ஒரு சட்டத்தரணி குனிவார். மற்றவர் ஆட்சேபனை இல்ல எண்டுவார். அடுத்த தவணை! காக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில சாய்ந்தமருதுக்கு ஏறுவாங்க. டிக்கெட்ட ஆரு எடுக்கிற எண்டதில அடுத்த வழக்கு தொடங்கும். குறிப்புப் புத்தகத்த மூடாம நீங்களும் அதே பஸ்ஸில ஏறுங்க.

முந்தி அப்புக்காத்து வேற, பிரக்கிராசி வேற. 1974இல ரெண்டு பேரையும் ஒண்டாக்கிச் சட்டத்தரணி எண்டு பேர் வெச்சாங்க. ஆள் ஒண்டாச்சு, காசு குறைஞ்சதா நான் கேள்விப்படல்ல.

வரக்குள்ள ரெண்டு இடத்த எட்டிப் பாருங்க. ஒண்டு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த மத்தியஸ்த சபை. மற்றது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில நடக்கிற காதி கோட்டு. ரெண்டுலயும் சட்டத்தரணி எழும்பிக் கதைக்க ஏலாது. புள்ளைச் செலவு கேட்டு வந்த உம்மா, முந்தானையில முடிஞ்சு வெச்ச மருந்துத் துண்ட அவிழ்த்து மேசையில வெச்சிட்டு, தன்ட வாயாலயே வழக்குப் பேசுவா. நீங்க படிக்கிற படிப்பு இல்லாம அவ எப்பிடிச் சமாளிக்கிறா, எங்க தடுக்கி விழுறா எண்டு பாருங்க. அதுக்குப் பொறகு கோட்டுத் தைக்கக் குடுங்க.

மகள், நீங்க காதியார்ர கதிரைய வடிவாப் பாருங்க. அதில ஆம்பிளைதான் குந்தலாம் எண்டு அந்தச் சட்டத்தில எழுதிக் கிடக்கு. கறுப்புக் கோட்டோட போனா பேச விடமாட்டாங்க. கழட்டிட்டுப் போனாலும் கதிரை இல்ல. என்னத்துக்கு இப்பிடிப் பார்க்கிறீங்க எண்டு ஆராவது கேட்டா, சும்மா சுற்றுலா வந்த எண்டு சொல்லுங்க. சட்டத்தத் திருத்த வந்த எண்டு மட்டும் சோதனை பாஸ் பண்ண முந்திச் சொல்லிராதீங்க.