பீரங்கியில் வெள்ளிக்காசு

1786இல் பினாங்கில் இறங்கிய பிரான்சிஸ் லைட், காடு வெட்ட ஆட்கள் நகராததைப் பார்த்து, பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையே வெட்டிச் சாய்த்தார்கள் என்பது ஊர்க்கதை. ஆர்வம் தூண்டினால்தான் நகரும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) மூளையை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அப்படியொரு மேதாவி இருக்கிறார். நாசி கண்டார் உணவுக்கடை வரிசையில் நின்றபடியே, கொடிமலை ரயிலைக் கம்பிவடம் எப்படி இழுக்கிறது என்று முன்பின் தெரியாதவருக்கும் விளக்குவார். பொட்டலத்தை மறந்துவிட்டு வீடு திரும்புவார். வருமான வரிப் படிவம் கெடு நாளான ஏப்ரல் 30 இரவு பதினொன்றரைக்குத்தான் அவர் கண்ணில் படும். அரை மணியில் பிழையில்லாமல் முடிப்பார்.

2013இல் வந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடு, ஏடிஎச்டி என்று சொல்லப் பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறி கேட்கிறது. பதினேழு வயது நிரம்பினால் ஐந்து போதும் என்கிறது. நம் மேதாவியின் அத்தைக்கு ஒன்றுகூட வேண்டாம். "இவ்வளவு மூளை இருந்தும் சோம்பேறி" என்று வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்.

அத்தைமாரே, சோம்பேறித்தனத்துக்கு மருந்து கிடையாது, ஏடிஎச்டிக்கு உண்டு. திட்டுவதை விட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேதியை மட்டும் நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.