வீட்டோட மாப்பிள்ளையைப் பார்க்க வந்தீங்களா, தம்பி?

வாங்க தம்பி, வாங்க. வண்டியைச் சரியா எங்க வயலுக்குப் போற வழியை மறிச்சு நிறுத்தியிருக்கீங்க. எடுக்க வேண்டாம், இருக்கட்டும். கேரட் மூட்டை ஏத்த லாரி வரும். அந்த டிரைவர் இறங்கி வந்து உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுவான். மேல்மலைப் பேச்சு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

கொடைக்கானல்ல இருந்து மன்னவனூருக்கு 35 கிலோமீட்டர். பூரா வளைவு. பின் சீட்டுல இருக்கிற அம்மா முகத்தைப் பார்த்தாலே எத்தனை வளைவுன்னு தெரியுது. வர்ற வழியில பூம்பாறை பார்த்தீங்களான்னு கேட்டா, "மேல ரோட்டுல நின்னு போட்டோ எடுத்தோம்"கிறீங்க. நல்லது. கீழ இறங்கிப் போயிருந்தா குழந்தை வேலப்பர் கோயில் இருக்கும், நாலு வார்த்தை பேச ஆள் இருக்கும், உங்க நேரமும் வீணாப் போயிருக்கும். மேல நின்னு பார்த்தா எங்க படிக்கட்டு வயல் மட்டும்தான் தெரியும். அதுல குனிஞ்சு களை எடுக்கிற பொம்பளைங்க இடுப்புவலி தெரியாது. படத்துக்கு அதுதான் வசதி.

அந்தக் கோயில் தேரை ஒருதரம் பாருங்க. தேருக்கு முன்னாடியும் வடம் இருக்கும், பின்னாடியும் வடம் இருக்கும். இறக்கத்துல முன்னாடி இழுக்கிறவனைவிட பின்னாடி பிடிக்கிறவன்தான் முக்கியம். சாமிக்கே பிரேக் வச்ச ஊரு இது. நீங்கதான் அஞ்சாவது கியர்ல இறங்கி வர்றீங்க. வாலிப வேகம், நல்லா இருங்க.

இ-பாஸ் எடுத்துட்டுத்தானே வந்தீங்க? 2024 மே 7-லருந்து உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. அடுத்த வருசம் சீசனுக்கு, கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கணக்கும் வச்சுட்டாங்க. அவ்வளவு வண்டியும் ஒரே நாள்ல ஒரே மரத்தடியில நின்னுதான் படம் எடுக்கணும்னு எந்த உத்தரவுலயும் சொல்லல. அது நீங்களாவே எடுத்த முடிவு.

எந்த மரம்கிறீங்களா? அதான், நீங்க இம்புட்டு தூரம் தேடி வந்த பைன் மரம். வந்ததும் வராததுமா ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்சு, கண்ணை மூடி, "இயற்கைன்னா இதுதான்யா"ன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. சிரிப்புலதான்.

ஒரு சின்ன விசயம் சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. அது எங்க ஊரு மரமில்ல. இந்த மலையில நட்ட பைன்ல ஒரு ரகம் மெக்சிகோ பக்கத்துல பிறந்தது. கொடைக்கானல்ல பைன் நடுற வேலையை 1906-ல பிரயண்ட் துரை ஆரம்பிச்சு வச்சார்னு சொல்லுவாங்க. நீங்க டிக்கெட் எடுத்துப் பூ பார்க்கிற பிரயண்ட் பூங்கா இருக்கே, அதே துரை பேருதான். அதுக்கப்புறம், சுதந்திரம் வந்த பிறகு, வனத்துறை இன்னும் மும்முரமா இறங்குச்சு. பலகைக்குப் பைன், தோல் பதனிட வாட்டில் பட்டை, கூழுக்குத் தைலமரம்னு மலை பூரா நட்டாங்க. கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்க, மரமெல்லாம் கோடு பிடிச்ச மாதிரி நிக்குதா இல்லையா? தானா முளைச்ச காடு எந்த ஊர்லயாவது வரிசை பிடிச்சு நிக்குமா தம்பி?

அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். மேடெல்லாம் புல்வெளி, மடிப்பு மடிப்பா இருக்கிற பள்ளத்துல எல்லாம் சோலை. அம்புட்டுதான். வெள்ளைக்காரன் வந்து பார்த்தான். மரமில்லாத இடம்னா சும்மா கிடக்கிற இடம்னு அவன் கணக்கு. புல்லு மழையைப் பிடிச்சு வச்சு, சோலைகிட்டக் குடுத்து, சோலை அதை ஓடையா விடும்கிற கணக்கு அவன் நோட்டுல இல்ல. அவன் போனப்புறம் அந்த நோட்டை நம்மாளு பத்திரமா வச்சுக்கிட்டான். இந்த மலையோட வடக்குச் சரிவுத் தண்ணி அமராவதிக்குப் போகுது, தெற்குச் சரிவுத் தண்ணி வைகைக்குப் போகுது. மதுரையில குழாயைத் திறக்கிறவன் எங்க புல்லுக்கு ஒரு கும்பிடு போடணும். அவன் பைனுக்குப் போடுறான்.

இந்தப் பைன் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன் தம்பி. முதல்ல திண்ணையில இடம் கேட்டான், குடுத்தாங்க. அப்புறம் கூடத்துக்கு வந்தான். அப்புறம் சமையக்கட்டுக்கு வந்து, அடுப்படியில இருந்த புல்லை வெளியே தள்ளிட்டான். அவன் கொட்டுற ஊசி இலை மெத்தையாப் படிஞ்சா, அடியில புல்லு தலை தூக்காது. இன்னைக்கு வாசல்ல பேர்ப்பலகையும் அவன் பேர்லதான் தொங்குது. மாமனார் எங்க இருக்கார்னு ஒருத்தரும் விசாரிக்கிறதில்ல.

நான் கதை விடுறேன்னு நினைக்காதீங்க. செயற்கைக்கோள் படத்தை வச்சு இந்தப் பழனி மலையை அளந்த ஆய்வாளருங்க, நாப்பது வருசத்துக்குள்ள புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிருச்சுன்னு 2018-ல எழுதியிருக்காங்க. தோப்பு மரமும் விவசாயமும் சேர்ந்து விழுங்கிருச்சாம். இதுல "விவசாயமும்"னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதை நான் எப்பவும் கொஞ்சம் மெதுவாத்தான் படிக்கிறது.

சரி, மாப்பிள்ளையை அடிச்சு விரட்டிரலாமான்னு கோவமாக் கேக்குறீங்க. பட்டணத்துக்காரருக்குக் கட்டிப்பிடிக்கிறதுக்கும் வெட்டிச் சாய்க்கிறதுக்கும் நடுவுல ஒண்ணும் தெரியாது. சோலைக்கு ஒட்டி இருக்கிற பழைய தோப்புக்குள்ள போய்ப் பாருங்க. அந்த நிழல்ல சோலை மரக் கன்னு மெல்ல முளைச்சு வருது. மொத்தமா வெட்டிச் சாய்ச்சா அந்தக் கன்னும் போகும், வெயில் பட்ட மண்ணுல வாட்டில் இன்னும் அடர்த்தியா முளைக்கும். வந்தவனை வச்சே நம்ம பிள்ளையை வளர்த்துக்கிற சாமர்த்தியம் காட்டுக்கு இருக்கு. நமக்குத்தான் பொறுமை இல்ல.

இப்ப உங்களுக்குன்னு நாலு புத்தி சொல்றேன். கேட்டாலும் லாபம்தான், கேக்காட்டியும் ஊருக்கு வேடிக்கைதான்.

தண்ணி பாட்டில் கொண்டு வந்தீங்களா? அஞ்சு லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்க தடை. சோதனையில மாட்டுனா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி. அதைக் கட்டிட்டோம்கிற தைரியத்துல பாட்டிலைப் புதருக்குள்ள வீசுறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியல. 20 ரூபாய்க்கு மலையையே வாங்கிட்ட மாதிரி ஒரு நடை. ஒரு சொம்பு கேட்டா எந்த வீட்டுலயும் தண்ணி குடுப்போம். அதுக்கு வரி கிடையாது, ஆனா திண்ணையில உக்காந்து "எந்த ஊரு, என்ன வேலை, கல்யாணம் ஆச்சா"ன்னு நாங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லணும். கணக்குப் பார்த்தா 20 ரூபாயே சல்லிசுன்னு சில பேர் நினைக்கிறாங்க போல.

சிகரெட்டு பிடிப்பீங்களா? தாராளமாப் பிடிங்க, உங்க நெஞ்சு உங்க இஷ்டம். ஆனா பைன் தோப்புக்குள்ள வேண்டாம். கீழ மெத்தை மெத்தையாக் கிடக்கே, அந்த ஊசியில பிசின் இருக்கு. மாசிக்கு மேல காஞ்சு கிடக்கும்போது ஒரு பொறி போதும். 2024 கோடையில பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நாள் கணக்கா எரிஞ்சு, போக்குவரத்தையே நிறுத்துனாங்க. வனத்துறை ஆளுங்களோட இலை தழையை ஒடிச்சுக்கிட்டு அடிச்சு அணைக்கப் போனது எங்க பயலுகதான். நீங்க அன்னைக்கு வீட்டுல உக்காந்து டிவியில "அச்சச்சோ"ன்னு சொன்னீங்க. அதுவும் ஒரு உதவிதான்.

காட்டுமாடு நிக்கும், பார்த்திருப்பீங்க. கொடைக்கானல் பஜார்லயே அது உலாத்துது. சாந்தமா நிக்குதுன்னு பக்கத்துல போய்த் தோள்ல கை போட்டுப் படம் எடுக்கலாம்னு தோணும். அந்த நினைப்பு வந்தா ஒண்ணு பண்ணுங்க, வண்டிச் சாவியை முதல்ல என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. அப்புறம் வண்டியை யார் எடுக்கிறதுன்னு ஊர்ல பஞ்சாயத்து வரக்கூடாது.

பாட்டுப் பெட்டியைப் பெருசா வச்சிருக்கீங்க. 1991-ல "குணா" படம் வந்த பிறகு ஒரு குகைக்கே பேர் மாறிப்போச்சு. 2024-ல "மஞ்சும்மல் பாய்ஸ்" வந்ததும் அந்தக் "குணா" பாட்டைப் போடாத கார் இந்த ரோட்டுல இல்ல. நல்ல பாட்டுதான், நான் குறை சொல்லல. ராத்திரி பன்னெண்டு மணிக்கும் நல்ல பாட்டுதானான்னு எங்க ஊர் நாய்களைக் கேட்டுச் சொல்றேன்.

ஆட்டுப்பண்ணைக்குப் போவீங்க. 1965-ல வந்த மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம். பாரத் மெரினோ செம்மறி, முயல் எல்லாம் வளர்க்கிறாங்க. ஏரிக்குப் பக்கத்துல பச்சைப் புல்லுல வெள்ளை ஆடு மேயுறதைப் பார்த்துட்டு "சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கு"ன்னு சொல்லாதவங்களை நான் இன்னும் பார்க்கல. இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கவனிங்க: ஆடு நிக்கிறது புல்லுல. பைன் மரத்தடியில ஒரு ஆடும் மேயல. உங்களைவிட அதுக்கு ஊரைப் பத்தித் தெரியுது.

ராத்திரி தங்குறீங்களா? மார்கழி, தையில வந்திருந்தா பல்லு தாளம் போடும். இப்பவே நாலு கம்பளி கேக்குறீங்க. எங்க வீட்டுல சுடுசோறு, பீன்ஸ் பொரியல், பூண்டுக் குழம்பு கிடைக்கும். மெனு கார்டு கிடையாது. "வேற என்ன இருக்கு?"ன்னு கேட்டா எங்க வீட்டுக்காரம்மா, "வாசல் இருக்கு"ன்னு சொல்லுவா. கோவமில்ல, அவ பேச்சே அப்படித்தான்.

பூண்டுன்னதும் ஞாபகம் வருது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. அடுப்புப் புகையில தொங்கவிட்டா மாசக்கணக்காக் கெடாது. உரிச்சா கண்ணுல தண்ணி வரும், குழம்புல போட்டா வீதி பூரா வாசம் வரும். பட்டணத்துல நீங்க வாங்குற பூண்டுல ஏழெட்டு போட்டாலும் இதுல ஒண்ணுக்கு ஈடாகாது. நீங்க கொடைக்கானல்ல ஒரு காப்பிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு நான் கேக்கல. அங்க வாயைத் திறக்காமக் குடுத்துட்டு, இங்க வந்து கிழவன்கிட்ட "பத்து ரூபா குறைச்சுக்கங்க"ங்கிறீங்களே, அந்தத் திறமைக்குத்தான் பட்டணத்துல சம்பளம் குடுக்கிறாங்க போல.

கடைசியா ஒண்ணு. குறிஞ்சி பன்னெண்டு வருசத்துக்கு ஒருதரம் பூக்கும். 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு, அடுத்த முறை 2030. அது பூக்க வெயில் படுற புல்வெளி வேணும், பைன் நிழல்ல அதுக்கு வேலையில்ல. மிச்சம் இருக்கிற புல்வெளியில மேடு மேடா நீலம் படரும். நீங்க அப்பவும் வருவீங்க, எனக்குத் தெரியும். பைன் மரத்துல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, "ஐயா, குறிஞ்சி எங்க பூத்திருக்கு?"ன்னு கேப்பீங்க. நான் இருந்தா வழி சொல்றேன். நான் இல்லாட்டி அந்த ஆடுகளைக் கேளுங்க, சரியாச் சொல்லும்.

சரி தம்பி, லாரி ஹார்ன் அடிக்கிறான், வண்டியை எடுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பூண்டுக் கட்டுக்குக் காசை எண்ணி வையுங்க. மாப்பிள்ளையை ஓசியிலதான் பார்த்தீங்க. மாமனார் வீட்டுச் சரக்குக்குப் பேரம் கிடையாது.