இருபது வளைவும் நாலு காரும்

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை வெட்டி எழும்பும் வில்லாக்களின் விளம்பரத்தில் ஏரி தெரியும், பனி தெரியும், வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்துமிடமும் தெரியும். வருஷத்துக்குப் பத்து நாள் வருகிறவருக்கு எதற்கு இரண்டு? எல்லாருக்கும் பொதுவாய் நாலு கார் போதாதா என்று விற்பனைத் தம்பியிடம் கேட்டேன்.

"அப்புறம் சாவி யார்கிட்டன்னு சண்டை வரும் சார்!"

சட்டமும் அவர் பக்கம்தான். அப்படிப் பொதுக் காரை ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட, மத்திய அரசின் 1989 திட்டம் குறைந்தது 50 கார் கேட்கிறது. ஐம்பதையும் நிறுத்த இன்னொரு தோட்டத்தை வெட்டணும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த அரசுப் பேருந்து, கொத்தனாரையும் வாட்ச்மேனையும் கேட்டருகே இறக்கிவிட்டுப் போனது. ஏற்காட்டின் கூட்டு வண்டி அதுதான், டிக்கெட் கண்டக்டரிடம்.