துண்டு போட்ட நாற்காலி

அரசு வேலையில் சேர்ந்ததும் படிக்கச் சொல்லி 1973-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைக் கொடுத்தார்கள். வீடு வாங்கினால் தெரிவிக்க வேண்டும், வரதட்சணை வாங்கக் கூடாது, மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் கூடாது என்று எல்லாம் இருந்தது. யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அலுவலகம் நடந்ததோ அந்த இல்லாத வரியை வைத்துத்தான்.

எங்கள் அலுவலகத்தில் பெயர்ப்பலகையே தேவைப்படாது. வாசலில் ஸ்டூல் என்றால் அலுவலக உதவியாளர். கைப்பிடி இல்லாத நாற்காலி என்றால் என்னைப் போன்ற இளநிலை உதவியாளர். சூப்பிரண்டுக்குக் கைப்பிடி முளைத்துவிடும். அதிகாரிக்குச் சுழலும் நாற்காலி, அதன் முதுகில் வெள்ளை டர்க்கி டவல். வேர்வைக்காகப் போட்ட துண்டு என்பார்கள். அறைக்கு ஏசி வந்தது, வேர்வை போனது, துண்டு போகவில்லை.

அதிகாரி ஒரு வார விடுப்பில் இருந்தபோது, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த அந்த நாற்காலியை நான் சற்று ஆசையோடு பார்த்திருக்க வேண்டும். அலுவலக உதவியாளர் அருகில் வந்து, “தம்பி, 17-பி மெமோ வாங்கினாலும் பதில் எழுதித் தப்பிச்சுக்கலாம். இதுல உக்காந்தா தப்பிக்க முடியாது” என்றார். விதிப்புத்தகத்தை அவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பிறகு அதிகாரி மாற்றலாகிப் போனார். சூப்பிரண்டுக்குக் கூடுதல் பொறுப்பு கிடைத்தது. மனிதர் அறைக்குள் போனார். ஆனால் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மேசையின் இந்தப் பக்கமிருந்தே கையெழுத்துப் போட்டார். எதிரே துண்டு மட்டும் அமர்ந்து ஆட்சி செய்தது. சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் போனார். உட்கார்ந்தாரே தவிர சாயவில்லை. முதுகுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு கோப்பு நுழையும் இடைவெளி. பதவி உயர்வு ஆணை தபாலில் வந்த அன்றுதான் சாய்ந்தார். சாய்ந்த கையோடு, “இந்தத் துண்டை எப்பய்யா துவைச்சீங்க?” என்று கேட்டார். அலுவலகம் முழுக்க நிம்மதி, அதிகாரி வந்துவிட்டார்.

அவர் எதிரே மூன்று நாற்காலிகள் உண்டு. ஒப்பந்தக்காரர் வந்தால் கேட்காமலே உட்காருவார். நாங்கள் கோப்பை மார்போடு அணைத்தபடி நிற்போம். “உக்காருங்க” என்று ஒரு முறை சொன்னால் “பரவால்ல சார்” என்பது மரபு. இரண்டாம் முறை சொன்னால் உட்காரலாம், விளிம்பில். அரசு முழு நாற்காலிக்குத்தான் காசு கொடுத்தது. நாங்கள் செலவழித்தது நாலு அங்குலம்.

ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் என் அக்கா மகனோ சிரிக்கிறான். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலியாம், மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். “அப்ப ஏன்டா ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றே?” என்றேன். “மேனேஜர் இன்னும் எழுந்திருக்கல மாமா.” பெரியவர் வந்தால் நாங்கள் எழுந்தோம்; பெரியவர் எழும்வரை இவர்கள் எழுவதில்லை. இதில் எது முன்னேற்றம் என்று தெரியவில்லை.

சிரிப்பு வராத இடம் ஜவுளிக்கடை. அங்கே நாற்காலிப் படிநிலையே கிடையாது, நாற்காலியே கிடையாதே! வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-லேயே அங்கே நின்றபடி வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திரையில் காட்டியது. கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது. நம் சட்டமன்றமும் 2021-ல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அதன் பிறகு நான் துணி எடுத்த கடையில் ஸ்டூல் வந்திருந்தது. அதன்மேல் பிரித்துப் போட்ட சேலைகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் விற்பனைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். “ஏம்மா, உக்காரலாமே?” என்றதற்கு, “உக்காந்தா கஸ்டமர் வேற கவுண்டர் போயிடுவாங்க சார்” என்றாள். முதலாளி தடுக்கவில்லையாம். அதாவது, தடுத்தது நானும் நீங்களும்.

எனவே, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால், “இங்க ஆளே இல்லையா?” என்று தயவுசெய்து குரல் கொடுக்காதீர்கள். ஆள் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது.