நீங்கள் சேமித்தது ரூ. 612

தள்ளுபடி மளிகைக்கடை ரசீதின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘நீங்கள் சேமித்தது ரூ. 612’. அதற்கு மேலே 4,380 என்று ஒரு தொகை இருப்பதை எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

“இந்த மாசம் 612 மிச்சம்” என்பாள் மனைவி.

“எங்கே அந்தப் பணம்?”

“அதான் சொல்றேனே, மிச்சம்னு.”

எல்லாம் எம்.ஆர்.பி. செய்யும் மாயம். அதற்கு மேல் விற்றால்தான் தப்பு. கீழே எவ்வளவு இறங்கினாலும் சட்டம் வாய் திறக்காது. 199 என்று அச்சடித்ததன் பக்கத்தில் 129 என்று அட்டை மாட்டினால், 70 ரூபாய் சம்பாதித்துவிட்ட பூரிப்பு நமக்கு. எண்ணெய் பாக்கெட்டை ஒரு லிட்டர் என்று தூக்கினால், மூலையில் 850 கிராம் என்றிருக்கும். ஒரு கிராம் என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என விதி இருக்கிறது. அச்சிட்டும் இருக்கிறார்கள். படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். அதற்குத் தள்ளுபடி இல்லை.

பொய் சொல்லக் கூடாது, பருப்பும் பினாயிலும் நிஜமாகவே மலிவு. மொத்தமாக வாங்குகிறார்கள், அலங்காரத்துக்குச் செலவழிப்பதில்லை. ஆனால் துவரம்பருப்பைக் கோடியில் வைத்திருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் பிளாஸ்டிக் வாளி, நைட்டி, டப்பா செட். டப்பா எதற்கு? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்து சேர்ந்த ஓட்ஸைக் கொட்டி வைக்க. ஓட்ஸ் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

நியாய விலைக்கு அலைவது நமக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணி டி.யூ.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே 1904-ல். ஆனால் அந்தக் காலத்தில் சீட்டு எழுதி நீட்டினால், சீட்டில் உள்ளது மட்டும்தான் வீட்டுக்கு வரும். இப்போது சீட்டும் வண்டியும் நம் கையில், வண்டிதான் ஜெயிக்கிறது.

வாசலில் காவலாளி ரசீதில் ஓட்டை போட்டு அனுப்புவார். அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை: வீட்டுக்குப் போகும் தெருவில் அண்ணாச்சி கடை. அவரிடம் எங்களுக்குக் கறிவேப்பிலைக் கொசுறும் மாசக் கடைசிக் கடனும் மட்டுமே பாக்கி. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நடந்தேன்.

“சார், அங்க கோதுமை மாவு என்ன ரேட்டு?”

சொன்னேன்.

“நமக்கு ஏஜென்டே அந்த ரேட்டுக்குத் தர்றதில்ல சார். நானே போய் அள்ளிட்டு வந்து வைக்கலாம்னு பார்த்தா, ஒரு பில்லுக்கு ரெண்டு பாக்கெட்தான்ங்கறான். அடுத்த தடவை போறப்ப எனக்கும் ரெண்டு எடுத்துட்டு வாங்க.”