கப்பலேறிய சொல்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. பெஞ்சில் பக்கத்து ஆசாமி ஆங்கிலப் பேப்பரை விரித்தார். ஏதோ ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கிவிட்டனவாம். 'பரையா ஸ்டேட்' என்று தலைப்பு. வடையின் எண்ணெய் அந்தச் சொல்லின் மேல் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தது கொஞ்சமல்ல. கட்டுமரம் கொடுத்தோம். சுருட்டு கொடுத்தோம், அதற்கு இந்த ஊரிலேயே ஸ்பென்சர் கம்பெனி தொழிற்சாலை வைத்திருந்தது. சுருட்டு 'ஷெரூட்' ஆன பிறகும் புகைதான் விட்டது. பறை மட்டும் கப்பலேறி 'பரையா' ஆனதும் சத்தத்தை இழந்து, தீண்டாமையைச் சுமந்துகொண்டு இறங்கியது. முதலில் தோல்கருவி, பிறகு அதை அடித்தவர்களின் சாதி, அப்புறம் உலகத்தில் யாரும் சேர்க்காத எவருக்கும் அதே பெயர். அகராதியில் இதெல்லாம் நாலு வரி. வெள்ளைக்காரனைத் திட்டி முடித்துக்கொள்ளலாம் என்றால், அவன் நம் தெருவில் பார்த்ததைத்தான் எழுதிக்கொண்டு போனான்.

தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கி, 'பறையன்' என்றே பெயர் வைத்தார். மற்றவர்கள் வசவாக்கியதை முகப்பில் அச்சடித்து விலைக்கு விற்ற நெஞ்சுரம்!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'பரையா' என்ற ஏற்றுமதிக்கு இன்னும் யாரும் விண்ணப்பம் போடவில்லை. பேப்பர்காரர் வடையை முடித்து, அந்தப் பக்கத்திலேயே கையைத் துடைத்துவிட்டு, பழனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.